பாட்டுப் பெட்டகமும் பெயர்ச் சீட்டும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

கிராமபோன் இசைத்தட்டை நேரில் பார்த்தவர்கள் நம்மில் சிலரேனும் இருக்கலாம். தட்டின் நடுவே வட்டமான காகிதம் ஒன்று ஒட்டியிருக்கும். படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர் போன்ற விவரங்கள் அதில் அச்சாகியிருக்கும். தட்டு எந்த வீட்டுக்குப் போனாலும் அந்தக் காகிதமும் கூடவே போகும். பின்னர் ஒலிநாடா வந்தது. கடையில் கொடுத்துப் பதிவு செய்து வாங்கிய நாடாவின் அட்டையில் பேனாவால் எழுதி வைத்தார்கள். அட்டை தொலைந்தால் பெயரும் தொலைந்தது. இன்றோ பாட்டு என்பது கைப்பேசியில் உள்ள ஒரு கோப்பு. அதற்கு அட்டையும் இல்லை, காகிதமும் இல்லை. அப்படியானால் பாடியவர் பெயரை எங்கே எழுதுவது?

கோப்புக்குள்ளேயே எழுதலாம் என்பதே விடை. கணினித் துறையில் இதனை 'டேக்' என்பர். நாம் பெயர்ச் சீட்டு என்று வைத்துக்கொள்வோம்.

எம்.பி.3 முறையை வகுத்தவர்கள் ஒலியைச் சுருக்குவதில் காட்டிய அக்கறையைப் பெயர் எழுதுவதில் காட்டவில்லை. 1996-ஆம் ஆண்டில் எரிக் கெம்ப் என்பவர் கோப்பின் கடைசியில் 128 பைட் நீளமுள்ள ஒரு துண்டைச் சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தார். 'ஐ.டி.3' என்பது அதன் பெயர். இது சீட்டுதான் என்று காட்டும் மூன்று எழுத்துகளுக்கு 3 பைட், பாட்டின் தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, இசை வகைக்கு 1. கூட்டிப் பாருங்கள், 128 சரியாக வரும்.

ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் போதும். யுனிகோடு முறையில் தமிழை எழுதினால் (யு.டி.எஃப்-8 என்னும் வழியில்) ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் வேண்டும். மெய்யின் மேலுள்ள புள்ளியும், கால், கொம்பு முதலியனவும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். 'எம்.எஸ்.விஸ்வநாதன்' என்ற பெயரைக் கணக்கிட்டுப் பார்த்தேன். 50 பைட் வருகிறது. ஆக, மெல்லிசை மன்னருக்கு அந்தச் சீட்டில் இடம் போதாது! உண்மையில் அந்தப் பழைய சீட்டு ரோமன் எழுத்துகளுக்கென்றே அமைந்தது.

இசை வகையின் கதை இன்னும் வேடிக்கையானது. எண்பது வகைகளுக்கு 0 முதல் 79 வரை எண் கொடுத்தார்கள். ஐரோப்பியரின் போல்கா நடனத்துக்குக்கூட ஓர் எண் உண்டு; கர்நாடக சங்கீதத்துக்கு இல்லை. சுழி என்ற எண்ணுக்கு 'ப்ளூஸ்' என்று பொருள். அந்த இடத்தை நிரப்பாமல் சுழியாகவே விட்டுவிட்டால், தேவாரமும் ப்ளூஸ் என்றே காட்டப்படும். கைப்பேசியில் அப்படிக் கண்டு திகைத்தவர்களுக்குக் காரணம் இதுதான்.

1998-இல் வந்த இரண்டாம் பதிப்பு இக்குறைகளைப் பெரும்பாலும் நீக்கியது. சீட்டு கோப்பின் முன்பக்கத்துக்கு வந்தது. நீளக் கட்டுப்பாடு போயிற்று. யுனிகோடு எழுத்துகளும் ஏற்கப்பட்டன. இசையமைப்பாளருக்குத் தனிக் கட்டம், பாடலாசிரியருக்குத் தனிக் கட்டம் என்று பல கட்டங்கள் உண்டாயின. சீட்டைத் திருத்துவதால் ஒலிக்கு எந்தக் கேடும் வராது. சீட்டு வேறு, ஒலி வேறு.

இவ்வளவு வசதி இருந்தும் நம் கைப்பேசிகளில் நடப்பது என்ன? கலைஞர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், பாட்டை இறக்கிக்கொண்ட தளத்தின் பெயர் இருக்கிறது. பாடலாசிரியர் கட்டமோ பெரும்பாலும் காலி. ஒரு பாட்டைக் கேட்டுக் கண் கலங்குகிறோம்; எழுதியவர் கண்ணதாசனா, வாலியா என்று பார்த்தால் வெற்றிடம். இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

திரைப்பாடல்களை ஒழுங்கு செய்வோர்க்கு என் அனுபவத்தில் கண்ட சில வழிகளைச் சொல்கிறேன். ஒரே படத்தின் ஐந்து பாட்டுகளை ஐந்து பேர் பாடியிருந்தால், சில கருவிகள் அதை ஐந்து தொகுப்புகளாகச் சிதறடித்துவிடும். 'தொகுப்பின் கலைஞர்' என்று ஒரு தனிக் கட்டம் உண்டு. அதில் எல்லாப் பாட்டுக்கும் இசையமைப்பாளர் பெயரையே எழுதினால் ஐந்தும் ஒன்றுசேரும். பாடியவர் பெயர் அதற்குரிய கட்டத்தில் இருக்கட்டும். ஆண்டையும் விட்டுவிடக் கூடாது. 'ஆயிரத்தில் ஒருவன்' என்று தேடினால் 1965-இல் விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைத்த படமும் உண்டு, 2010-இல் ஜி.வி. பிரகாஷ் குமார் இசையமைத்த படமும் உண்டு. இவ்விரண்டு கட்டங்களும் காலியாக இருந்தால் இரண்டும் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கும். பெயர்களை எப்போதும் ஒரே விதமாக எழுத வேண்டும். இளையராஜாவின் பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறார்கள். நமக்கு அவர் ஒருவர், கணினிக்கு ஐவர். தமிழிலேயே எழுதினால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

எம்.பி.3டேக் போன்ற இலவச மென்பொருள்களால் நூறு கோப்புகளை ஒரே சமயத்தில் திருத்தலாம். மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்டு என்பது ஒலியின் 'கைரேகை'யைக் கணக்கிட்டு, பொதுமக்கள் சேர்த்த தகவல் களஞ்சியத்தோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்லும். ஆயினும் பழைய தமிழ்ப் பாட்டுக்கு மூலப் படத்தை விட்டுவிட்டு, பிற்காலத்தில் வந்த ஏதேனும் ஒரு கதம்பத் தொகுப்பின் பெயரை அது சொல்வதுண்டு. எனவே கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம். தொடங்குமுன் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். (நான் எடுக்காமல் தொடங்கி, எண்பது பாட்டுக்கு ஒரே தலைப்பைக் கொடுத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தேன்.)

எந்தக் களஞ்சியத்திலும் இல்லாத பாட்டுகளும் உண்டு. என் அப்பாயி நடவு வயலில் முன்பாட்டு எடுப்பவர். 2021-இல் அவரும் அவர் தங்கையும் பாடிய ஏழு பாட்டுகளை அப்பாவின் கைப்பேசியில் பதிவு செய்தேன். கோப்புகளின் பெயர் வெறும் எண்கள். பிறகு கைப்பேசி மாறியது. நகலெடுத்த நாளே கோப்பின் நாளாகிவிட்டது. 2023-இல் அப்பாயி காலமானார். இந்த ஆண்டு உட்கார்ந்து சீட்டு எழுதினேன். ஊர், ஆண்டு, என்ன வேலைக்கான பாட்டு என்று ஆறு பாட்டுகளுக்கு எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டேன். ஏழாவதில் குரல் கம்மியிருக்கிறது. அப்பாயிதான் என்கிறார் அப்பா. சின்ன அப்பாயி என்கிறார் அத்தை. இருவர் சொன்னதையும் குறிப்புக் கட்டத்தில் எழுதி, பாடியவர் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். சின்ன அப்பாயிக்குத் தொலைபேசியில் காது சரியாகக் கேட்பதில்லை. பொங்கலுக்கு வரும்போது பக்கத்தில் வைத்துப் போட்டுக் காட்ட வேண்டும்.