மடிக்கணினிக்கு மறுபிறவி

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அதற்காகப் பழைய மடிக்கணினியை எறிந்துவிட வேண்டா. 1991-இல் தோன்றிய லினக்ஸைப் பென் டிரைவ் மூலம் நிறுவினால், பெரும்பாலும் அது மீண்டும் உழைக்கும்.

ஆயின், ஃபார்மட் செய்வது என்றால் என்ன? சுழலும் வன்தட்டை விரைவு முறையில் ஃபார்மட் செய்வதை, நூலகத்தின் பட்டியலை மட்டும் கிழிப்பதற்கு நான் ஒப்பிடுவேன். நூல்கள் அலமாரியிலேயே இருக்கும். இடம் நமக்குத் தெரியாது. தேடத் தெரிந்த அயலாரோ எடுத்துப் படித்துவிடுவர். புதிய இயங்குதளம் மேலே எழுதப்பட்டால், சில நூல்கள் அடியோடு அழிந்தும் போகும்.

ஆகவே, முதலில் கோப்புகளை வேறிடத்தில் படியெடுங்கள். படி திறக்கிறதா என்று பாருங்கள். கணினியைப் பிறருக்கு விற்பதாயின், வன்தட்டு முழுவதையும் அழித்த பின்னரே கொடுங்கள்.