காடு காக்கும் சுற்றுலா

நுழையும்முன்

புதிய இடங்களைக் காணும் வேட்கை மனிதருக்கு இயல்பானது. அவ்வேட்கை ஊருக்கு வருவாயைக் கொண்டுவருகிறது. சில வேளைகளில் ஊரின் நீரையும் நிழலையும் கொண்டுபோய்விடுகிறது. ஓர் இடத்தை அழிக்காமல், அதனை வாழவைக்கவும் சுற்றுலாவால் இயலுமா? இக்கேள்விக்குத் தேக்கடிக் காட்டில் நிகழ்ந்த மாற்றத்தின் வழியாக விடை காண்கிறது இக்கட்டுரை.

வருகையும் வாழ்வும்

மலை, கடல், அருவி, காடு, கோவில் என மக்கள் நாடிச் செல்லும் இடங்கள் பல. கோடையில் உதகையும் கொடைக்கானலும், சாரல் காலத்தில் குற்றாலமும் மக்கள் வெள்ளத்தால் நிறைகின்றன. ஒரு பயணியின் வருகையால் வண்டி ஓட்டுநர், சமையலர், பழ வணிகர், படகோட்டி, கைவினைஞர் எனப் பலர் பயனடைகின்றனர். பெருந்தொழில்களுக்கு இடமில்லாத மலையூர்கள் பலவற்றிற்குச் சுற்றுலாவே முதன்மையான வாழ்வாதாரமாக விளங்குகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சில ஆயிரம் பேருக்குப் போதுமான குடிநீரையும் கழிவகற்றும் வசதியையும் கொண்ட ஊரில், விடுமுறை நாள்களில் பன்மடங்கு மக்கள் கூடினால் முதலில் வற்றுவது உள்ளூர் மக்களின் குடம்தான். பயணி இரண்டு நாளில் ஊர் திரும்பிவிடுகிறார். அவர் விட்டுச்சென்ற நெகிழிப்புட்டியோ நெடுங்காலம் அங்கேயே கிடக்கிறது. காட்டோரத்தில் வீசப்பட்ட உணவுப் பொட்டலத்தை மானும் யானையும் நெகிழியோடு சேர்த்து விழுங்குகின்றன.

வருவாயிலும் சிக்கல் உண்டு. தங்கும் விடுதியின் உரிமையாளர் வேற்றூரார். உணவுப் பொருள்கள் வருவது வேற்றூரிலிருந்து. பயண ஏற்பாட்டு நிறுவனமும் வேற்றூரிலேயே இருக்கிறது. இந்நிலையில் பயணி செலவிடும் பணத்தின் பெரும்பகுதி அவ்வூரில் தங்காமல் வெளியேறிவிடுகிறது. இதனைப் பொருளியலார் ‘வருவாய்க் கசிவு’ என்பர். இழப்பு உள்ளூருக்கும் ஈட்டம் வெளியூருக்கும் எனப் பிரியும்போது, அவ்விடத்தைக் காக்கும் ஆர்வம் அங்குள்ள மக்களிடையே குன்றுவது இயல்பே.

வளங்குன்றாச் சுற்றுலா

வருங்காலத் தலைமுறையினர் தம் தேவைகளை நிறைவுசெய்துகொள்ளும் வாய்ப்பைக் கெடுக்காமல், இன்றைய தேவைகளை நிறைவுசெய்வதே வளங்குன்றா வளர்ச்சி. 1987ஆம் ஆண்டு வெளியான புருண்ட்லாண்டு ஆணைய அறிக்கை இக்கருத்தை உலகறியச் செய்தது. இக்கருத்தின் வழியில் அமைந்ததே வளங்குன்றாச் சுற்றுலா. இதன் முக்கியத்துவம் கருதி ஐக்கிய நாடுகள் அவை 2017ஆம் ஆண்டை வளர்ச்சிக்கான வளங்குன்றாச் சுற்றுலா ஆண்டாக அறிவித்தது.

இச்சுற்றுலா மூன்று தூண்களின்மேல் நிற்பது. இயற்கை வளம் சிதையாதிருத்தல் ஒன்று. உள்ளூர் மக்களின் பண்பாடும் உரிமையும் மதிக்கப்படுதல் மற்றொன்று. வருவாயின் பயன் அம்மக்களைச் சென்றடைதல் மூன்றாவது. இவற்றுள் ஒன்று சரிந்தாலும் மற்ற இரண்டும் நிலைப்பதில்லை. இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் இடங்களுள் ஒன்று, தமிழக எல்லையை ஒட்டிக் கேரளத்தில் அமைந்துள்ள தேக்கடி.

தேக்கடிக் காடும் தென்மாவட்டங்களும்

பெரியாற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணை 1895ஆம் ஆண்டு பயன்பாட்டிற்கு வந்தது. மேற்கு நோக்கி ஓடிய நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திருப்பப்பட்டது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களின் வயல்களுக்கும் குடங்களுக்கும் அந்நீர் உயிரூட்டி வருகிறது. அணையால் உருவான ஏரியைச் சூழ்ந்து விரிந்திருப்பதே பெரியாறு புலிகள் காப்பகம். 1978ஆம் ஆண்டு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இப்பகுதியின் பரப்பு 925 சதுர கிலோமீட்டர். யானை, புலி, காட்டெருமை, சிங்கவால் குரங்கு, இருவாய்ச்சி முதலிய உயிரினங்களுக்கு இது உறைவிடம்.

காடு மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு சிறுகச் சிறுக ஓடைகளில் விடுகிறது. மண் அரித்துச் செல்லப்படாமல் வேர்களால் பிடித்துக்கொள்கிறது. காடு அழிந்தால் ஏரியில் வண்டல் சேரும். ஓடைகளின் நீர்வரத்தும் நிலைகுலையும். ஆகவே, தேக்கடிக் காட்டில் ஒரு மரம் வீழ்வது தொலைவிலுள்ள உழவருக்கும் தொடர்பில்லாத நிகழ்வன்று.

பட்டை உரித்த கைகள்

இக்காட்டில் வளரும் வயணா என்பது இலவங்க இனத்தைச் சேர்ந்த மரம். மணமிக்க அதன் பட்டைக்குச் சந்தையில் விலை உண்டு. காட்டோரச் சிற்றூர்களைச் சேர்ந்த சிலர் பல ஆண்டுகளாக அப்பட்டையைக் களவாக உரித்து விற்று வந்தனர். பட்டை முழுதும் உரிக்கப்பட்ட மரம் நின்ற நிலையிலேயே பட்டுப்போகும். வனத்துறையினர் அவர்களைப் பிடித்து வழக்குத் தொடுத்தனர். வழக்குச் செலவுக்குப் பணம் வேண்டி அவர்கள் மீண்டும் காட்டிற்குள் நுழைந்தனர். தண்டனை கூடியபோதும் களவு ஓயவில்லை. அவர்களை வறுமையும் கடனும் உந்திக்கொண்டே இருந்தன.

1996 முதல் 2004 வரை உலக வங்கியின் உதவியுடன் இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டம் செயற்படுத்தப்பட்டது. அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு காப்பகங்களுள் பெரியாறும் ஒன்று. காட்டை மக்களிடமிருந்து காப்பது என்னும் அணுகுமுறையை விடுத்து, மக்களைக்கொண்டே காட்டைக் காப்பது என்னும் அணுகுமுறையை வனத்துறை மேற்கொண்டது. பட்டை உரித்து வந்தோரோடு அலுவலர்கள் பலமுறை பேசினர். மாற்று வாழ்வு கிடைக்குமாயின் களவைக் கைவிட அவர்கள் இசைந்தனர். அவர்களைக்கொண்டு ஒரு சூழல் மேம்பாட்டுக் குழு அமைக்கப்பட்டது.

காட்டின் ஒவ்வொரு தடமும் அவர்களுக்கு அத்துப்படி. யானை நடமாடும் வழி, புலியின் கால்தடம், சருகில் கேட்கும் ஓசையின் பொருள் ஆகிய அனைத்தையும் அவர்கள் அறிந்திருந்தனர். களவுக்குப் பயன்பட்ட அவ்வறிவு வழிகாட்டுதலுக்குப் பயன்படலாயிற்று. ‘புலித்தடம்’ என்னும் பெயரில் காட்டில் நடந்து சென்று, கூடாரத்தில் தங்கும் சுற்றுலாவை அவர்கள் நடத்தத் தொடங்கினர். ஒரு குழுவில் ஐந்தாறு பயணிகளே அனுமதிக்கப்படுவர். அவர்களுடன் வழிகாட்டிகளும் ஆயுதம் தாங்கிய வனக்காவலரும் செல்வர். பயணிகளை அழைத்துச் செல்லும் அந்நடையே காட்டைச் சுற்றிவரும் காவல் நடையாகவும் அமைந்தது. களவாளர் நுழையும் வழிகளை முன்னரே அறிந்திருந்தமையால், பிறர் செய்யும் வேட்டையையும் மரக்கடத்தலையும் தடுப்பதில் இவர்கள் வனத்துறைக்கு உறுதுணையாயினர்.

வருவாய் செல்லும் வழி

ஒரு குழுவில் தொடங்கிய முயற்சி பல குழுக்களாக வளர்ந்தது. மூங்கில் தெப்பப் பயணம், எல்லையோர மலைநடை, இரவுக் காவல் நடை, சிற்றூர்களின் வயல்வெளியூடே மாட்டுவண்டிப் பயணம் எனப் பல்வகைச் சுற்றுலாக்கள் உருவாயின. இவற்றால் கிடைக்கும் வருவாயிலிருந்து குழு உறுப்பினர்களுக்கு ஊதியம் வழங்கப்படுகிறது; ஒரு பகுதி பொதுநிதியாகச் சேர்கிறது. 2004ஆம் ஆண்டு பெரியாறு அறக்கட்டளை நிறுவப்பட்டது. பயணிகள் செலுத்தும் சூழல் மேம்பாட்டுக் கட்டணம் அதன்வழியாக வனப் பாதுகாப்பிற்கும் சிற்றூர்களின் முன்னேற்றத்திற்கும் செலவிடப்படுகிறது. உலக வங்கித் திட்டம் முடிவுற்ற பின்னரும் பணி தொடர்வதற்கு இவ்வேற்பாடே அடித்தளமாயிற்று.

குமுளியை ஒட்டி வாழும் மன்னான், பளியர் ஆகிய பழங்குடியினரும் இம்மாற்றத்தில் பங்கேற்றனர். அவர்கள் விளைவித்த மிளகு, வணிகர்களிடம் பெற்ற கடனுக்கு ஈடாகக் குறைந்த விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. குழுக்களின் முயற்சியால் கடன் அடைக்கப்பட்டு, மிளகிற்கு உரிய விலை பெற வழி பிறந்தது. வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் அவர்கள் பணியாற்றுகின்றனர். காட்டைப் பற்றிய மூதாதையர் அறிவுக்குப் புறத்தார் மதிப்பளிப்பதைக் காணும் இளைய தலைமுறை, அவ்வறிவைக் கற்பதில் பெருமை கொள்கிறது.

ஊதியம் கருதாமல் காடு காக்க முன்வந்த பெண்களும் இங்குண்டு. ‘வசந்த சேனை’ என்னும் பெயரில் 2002ஆம் ஆண்டு முதல் காட்டோரச் சிற்றூர்ப் பெண்கள் சிறு குழுக்களாக முறைவைத்துப் பகலில் காட்டைச் சுற்றிவருகின்றனர். சந்தன மரங்களைக் காப்பது அவர்கள் ஏற்றுக்கொண்ட பணிகளுள் ஒன்று. விறகுக்கும் நீருக்கும் காட்டை நம்பி வாழ்வோர் பெண்களே. காட்டின் அழிவு முதலில் தம் அடுப்பைத்தான் அணைக்கும் என்பதை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர்.

தெரிந்து தெளிவோம்

செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள வேடந்தாங்கல் மக்கள், தம் ஏரிக்கு வரும் பறவைகளை நெடுங்காலமாகக் காத்து வருகின்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு நல்ல உரமாவதை அவர்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். பறவைகள் சுடப்படுவதை எதிர்த்து அவர்கள் முறையிட்டதன் பயனாக, அவற்றைக் காக்கும் உரிமையை ஏற்கும் ஆவணம் ஒன்றை மாவட்ட ஆட்சியர் லயனல் பிளேசு 1798ஆம் ஆண்டு வழங்கினார். 2022ஆம் ஆண்டு வேடந்தாங்கல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

தாங்குதிறன்

ஓர் இடம் தன் இயல்பு கெடாமல் ஏற்கக்கூடிய பயணிகளின் அளவே அதன் ‘தாங்குதிறன்’ எனப்படும். நீர்வளம், கழிவகற்றும் வசதி, சாலை, விலங்குகளின் நடமாட்டம் ஆகியவற்றைக் கணக்கிட்டு இது வரையறுக்கப்படுகிறது. புலித்தடக் குழுவில் சிலரையே சேர்ப்பது இக்கருத்தின் அடிப்படையில்தான்.

தாங்குதிறனை மதித்தல் பயணிகளின் பாதுகாப்பிற்கும் இன்றியமையாதது. 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். விலங்குகளைக் காணும் ஆவலில் பயணிகள் ஒரே பக்கம் திரண்டபோது படகு சாய்ந்ததாகக் கூறப்பட்டது. எண்ணிக்கையிலும் ஒழுங்கிலும் நேரும் சிறு நெகிழ்வு எத்துணைப் பேரிழப்பைத் தரும் என்பதை அத்துயரம் உணர்த்துகிறது.

தமிழ்நாட்டிலும் இக்கருத்து நடைமுறைக்கு வந்துள்ளது. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்கள் இணையவழி அனுமதிச் சீட்டு பெறும் முறை 2024 மே 7 முதல் நடைமுறைப்படுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டுக் கோடையில், நீலகிரிக்கு வார நாள்களில் 6000 வாகனங்கள், வார இறுதியில் 8000 வாகனங்கள் என வரம்பு விதிக்கப்பட்டது. கொடைக்கானலுக்கு அவ்வரம்பு முறையே 4000, 6000 ஆகும். கட்டுப்பாட்டினால் வணிகம் குறையும் என்று கவலைப்படும் உள்ளூர் வணிகரின் குரலும் கேட்கப்பட வேண்டியதே. எனினும், நீரும் பசுமையும் வற்றிய மலைக்குப் பயணி வரமாட்டார் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எச்சரிக்கையும் தெளிவும்

சுற்றுலா ஒன்றையே நம்பியிருக்கும் ஊர் எளிதில் நலிவடையும். 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளமும் 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றும் கேரளத்தின் சுற்றுலாத் தொழிலை முடக்கிப்போட்டன. வேளாண்மை, மீன்பிடித்தல், கைத்தொழில் ஆகியவற்றைக் கைவிடாமல், அவற்றிற்குத் துணை வருவாயாகச் சுற்றுலாவைக் கொள்வதே அறிவுடைமை.

‘பசுமை’, ‘இயற்கை’ என்னும் அடைமொழிகளைப் பெயரில் மட்டும் சூட்டிக்கொள்ளும் விடுதிகளும் உண்டு. காட்டை வெட்டிக் கட்டிய விடுதி, பெயரால் மட்டும் பசுமையாகிவிடாது. பணியாளருள் உள்ளூர் மக்கள் எத்தனை பேர், கழிவுநீர் எங்கே செல்கிறது, வருவாயில் ஊருக்குரிய பங்கு யாது ஆகிய மூன்று வினாக்களைக் கேட்டாலே உண்மை விளங்கும்.

பயணியின் கடமை

வளங்குன்றாச் சுற்றுலா அரசாலும் ஊராராலும் மட்டும் நிறைவேறுவதன்று. பயணியின் பங்கும் அதில் உண்டு. இயன்றவரை பொதுப் போக்குவரத்தில் செல்லுதல், நெகிழியைத் தவிர்த்தல், உள்ளூர் உணவையும் கைவினைப் பொருள்களையும் வாங்குதல், விலங்குகளுக்கு உணவளிக்காதிருத்தல், காட்டில் அமைதி காத்தல், பழங்குடியினரைக் காட்சிப்பொருளாக்கி ஒப்புதலின்றிப் படமெடுக்காதிருத்தல் ஆகியவை எளிய நெறிகள். பிறர் வீட்டு முற்றத்தில் விருந்தினராக நிற்கும்போது நாம் காட்டும் பணிவே, பிறர் ஊரிலும் காட்டிலும் நிற்கும்போது வேண்டுவது.

தேக்கடியில் மரத்தின் பட்டையை உரித்தோரும் அதனைக் காத்தோரும் வேறுவேறு மனிதரல்லர். காடு அழிந்தால் கிடைத்த கூலியைவிடக் காடு நின்றால் கிடைக்கும் வாழ்வு மேலானது என்னும் நிலை உருவானபோது, அக்கைகளே காவற்கைகளாயின. ஓர் இடத்தின் அழகால் வரும் பயன் அவ்விடத்து மக்களைச் சென்றடையுமாயின், அவ்வழகிற்கு அவர்களே அரணாவர். அவ்வரணின் காவலில் நிற்கும் காடுதான் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயலுக்கும் மதுரையின் குடிநீர்க் குழாய்க்கும் நீரைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் மாவட்டத்திலுள்ள சுற்றுலா இடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்கு வருவாய் பெறும் உள்ளூர் மக்களின் தொழில்களைப் பட்டியலிடுக.
2. ‘வாகன வரம்பு மலையூர்களுக்கு நன்மையே’ என்னும் தலைப்பில் வணிகர், பயணி, வனக்காவலர், உள்ளூர் மாணவர் ஆகியோரின் நோக்கில் கலந்துரையாடல் நிகழ்த்துக.
3. உங்கள் பள்ளியின் கல்விச் சுற்றுலாவிற்குரிய நன்னெறிகளை வகுத்து வகுப்பறையில் காட்சிப்படுத்துக.