தாக்காது தாமதித்த சேனாதிபதி

பண்டைச் சீனத்திலே தோன்றிய போர்க்கலை நூல்களுள் தலைசிறந்தது சுன் சூ என்பவரின் பெயரால் வழங்குவது. வெற்றி என்பது போர்க்களத்திலே தேடப்படுவதன்று, களம் புகுமுன்னரே ஆயத்தஞ் செய்யப்படுவது என்பது அந்நூலின் முதன்மையான கருத்து. தேரும் வில்லும் கொண்டு பொருத காலத்து இவ்விதி, விமானமும் பீரங்கியும் கொண்டு பொரும் காலத்திற்கும் பொருந்துமா? 1954ஆம் ஆண்டில் வியட்நாமிலே நிகழ்ந்த தியென் பியென் பூப் போர் இவ்வினாவிற்கு விடை தருகின்றது.

தியென் பியென் பூ, லாவோஸ் எல்லையை அடுத்து, மலைகளாற் சூழப்பட்ட ஒரு பள்ளத்தாக்கு. 1953 நவம்பர் 20ஆந் திகதி பிரெஞ்சுப் படையினர் பாரசூட் மூலம் அங்கு இறங்கி அரண் அமைத்தனர். எதிரியை வெளியிடத்திற்கு இழுத்துத் தம் பீரங்கிகளால் அழித்துவிடலாம் என்பது அவர்களது எண்ணம். உணவும் வெடிமருந்தும் விமானத்தின் மூலமே வரவேண்டியிருந்தன.

வியட்நாமியச் சேனாதிபதி வோ நுயென் கியாப் 1954 ஜனவரி இறுதியிலே தாக்குவதற்குத் திட்டமிட்டார். வீரர்கள் கனரகப் பீரங்கிகளைக் கயிறு கட்டி மலைமேல் இழுத்தும் வந்தனர். ஆயினும், எதிரியின் அரண் நாளுக்கு நாள் வலுப்பெறுவதையும், அத்தகைய அரணைத் தாக்கும் பயிற்சி தம் படைக்குப் போதாமையையும் கண்ட கியாப், இறுதி வேளையிலே தாக்குதலை நிறுத்தினார். அரும்பாடுபட்டு ஏற்றிய பீரங்கிகளை மீண்டும் இறக்கும்படி பணித்தார். தாக்குக என ஆணையிடுவதிலும் இவ்வாணை கடினமானது.

அடுத்த ஏழு வாரங்களில் புதிய பாதைகள் வெட்டப்பட்டன. துவிச்சக்கர வண்டிகளிலும் தோள்களிலும் அரிசி வந்தது. மலைச்சரிவிலே குடையப்பட்ட குழிகளுக்குள் பீரங்கிகள் மறைக்கப்பட்டன. மார்ச் 13ஆந் திகதி தாக்குதல் தொடங்கியது. அம்மாத முடிவிற்குள் விமான ஓடுபாதை பயனற்றதாயிற்று. மே 7ஆந் திகதி அரண் வீழ்ந்தது. மறுநாள் ஜெனீவாவிலே இந்தோசீனா பற்றிய பேச்சு ஆரம்பமாயிற்று. போர் அரசியலின் ஒரு கருவியே என்ற ஜெர்மானிய அறிஞர் கிளவுசவிற்சின் கொள்கையும் இங்ஙனம் மெய்ப்பட்டது.

எனினும் வென்ற பக்கத்திலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். சிறைப்பட்ட பிரெஞ்சுப் படையினருட் பலர் வீடு திரும்பவில்லை. நாடு இரண்டாகப் பிரிந்தது. மீண்டும் மூண்ட போர் 1975இலேதான் முடிந்தது. போரிடாது பெறும் வெற்றியையே சுன் சூ தலையாயதாக வைத்தார். அவருடைய போர்விதிகளைக் கற்றோர் பலராயினும், இவ்விதியைக் கைக்கொண்டோர் மிகச் சிலரே.