கிளைகள் பல, பொறுப்பு ஒன்று

“இயந்திரமே நிரல் எழுதுமென்றால், பிள்ளை அதை ஏன் கற்க வேண்டும்?” இன்று பெற்றோர் பலரிடம் எழும் நியாயமான கேள்வி இது.

ஒரே கொப்பியில் நால்வர் ஒரே நேரத்தில் எழுதினால் ஒருவர் எழுதியதை மற்றவர் குழப்பிவிடுவார். நிரலாளர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. இதற்காகப் பலரும் பயன்படுத்துவது ‘கிட்’ என்னும் மென்பொருள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் இதனை எழுதினார். மூல நிரலிலிருந்து கிளைகளைப் பிரித்து, அவரவர் தத்தம் கிளையில் வேலை செய்து, பின்னர் மூலத்துடன் இணைக்கலாம். 2015இல் வந்த ‘வேர்க்ட்ரீ’ வசதி, ஒரே கணினியில் ஒவ்வொரு கிளைக்கும் தனிக் கோப்புறை தருகிறது.

இப்போது அக்கிளைகளில் செயற்கை நுண்ணறிவு முகவர்களும் வேலை செய்கின்றன. பணியைச் சொன்னால் அவை தாமே கோப்புகளைத் திறந்து, நிரல் எழுதி, சோதித்தும் பார்க்கும். ஒருவரே மூன்று நான்கு முகவர்களை ஒரே நேரத்தில் ஏவலாம்.

பாடசாலை நூலகத்துக்கு ஒரு நிரல் இருப்பதாகக் கொள்வோம். நூலை வைத்திருக்கும் காலத்தை 14 நாளிலிருந்து 7 நாளாகக் குறைக்குமாறு ஒரு முகவரிடம் சொல்கிறோம். நினைவூட்டல் அனுப்பும் பகுதியை எழுதுமாறு மற்றதிடம் சொல்கிறோம். இரண்டாவதன் கிளையில் இருப்பது பழைய நிரல். ஆகவே அது 12ஆம் நாளில் நினைவூட்டுமாறு புதிய கோப்பொன்றை எழுதுகிறது. இரண்டும் தத்தம் சோதனைகளில் தேறுகின்றன.

ஒரே வரியை இருவரும் வெவ்வேறாக மாற்றியிருந்தால் கிட் ‘மோதல்’ என்று நிறுத்தும். இங்கே கோப்புகள் வேறு. எனவே முறைப்பாடின்றி இணைத்துவிடும். விளைவு? தண்டப்பணம் 8ஆம் நாளே தொடங்கும். நினைவூட்டலோ 12ஆம் நாள்தான் வரும். பாதிக்கப்படுபவள் மாணவி.

இதைத் தவிர்க்கும் வழிகள் எளியவை. ஒன்றையொன்று சாராத பணிகளையே பிரித்துக் கொடுக்க வேண்டும். ‘7 நாள்’ போன்ற பொது முடிவுகளை முதலில் ஓரிடத்தில் எழுதிவைக்க வேண்டும். கிளைகளை ஒவ்வொன்றாக இணைத்து, ஒவ்வொரு முறையும் முழு நிரலையும் சோதிக்க வேண்டும். நம்மால் வாசித்து முடிக்கக்கூடிய அளவுக்கே முகவர்களை ஏவ வேண்டும்.

வாசித்து விளங்கத் தெரியாதவருக்கு அந்த 12ஆம் நாள் தவறு கண்ணிற் படாது. பிள்ளை நிரல் கற்க வேண்டியது அதற்காகவே.