கிருஷ்ணாபுரத்துக்கு மேலே

பூமியைச் சூழ்ந்த உலர்ந்த காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு ஆக்சிஜன். மிச்சத்தில் பெரும்பகுதி ஆர்கான். கரியமில வாயு 0.04 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். நீராவியின் அளவு மட்டும் இடத்துக்கு இடம் மாறும். பொதிகை மலையில் மோதி மேலேறும் ஈரக்காற்று குளிர்ந்து மழையாவதால்தான் தாமிரபரணி ஓடுகிறது.

மேகமும் மழையும் வளிமண்டலத்தின் கீழடுக்கைச் சேர்ந்தவை. வெப்பப் பகுதிகளில் அது 16, 17 கிலோமீட்டர் வரை உயரும். 1,868 மீட்டர் உயர அகத்தியர் மலை அதில் எட்டில் ஒரு பங்குகூட எட்டாது. கீழடுக்குக்கு மேல் 50 கிலோமீட்டர் வரை மீள் அடுக்கு. புற ஊதாக் கதிர்களை ஓசோன் தடுப்பது இங்கேதான்.

அடுத்த இடையடுக்கு ஆய்வாளர்களுக்குப் பெரும் சவால். வானிலை பலூன் அங்கே எட்டாது. செயற்கைக்கோள் அங்கே நிலைத்துச் சுற்ற முடியாது. அதனால் திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ரேடாரை நாடியது. 1990களிலிருந்து 1.98 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளை மேலே அனுப்பி, பகுதியளவு திரும்பும் எதிரொலிகளைக் கொண்டு ஏறத்தாழ 70 முதல் 98 கிலோமீட்டர் உயரக் காற்றின் வேகத்தையும் திசையையும் அது அளந்தது. நெல்லைக்குப் பெருமை சேர்க்கும் பணி இது.

இந்த இடத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. காந்த நடுக்கோடு இதன் அருகே செல்கிறது. அதனால் இடையடுக்குக்கு மேலுள்ள வெப்ப அடுக்கில், சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகலில் கிழக்கு நோக்கி வலுவான மின்னோட்டம் பாய்கிறது. அதன் காந்த விளைவைத் தரையிலுள்ள காந்தமானிகளே பதிவுசெய்கின்றன.