கட்டு இறுகியது, கால் போயிற்று!

சென்னைக் கல்லூரி மாணவி ஒருவர். வயது 17. கால்பந்து வீராங்கனை. ஆட்டத்தில் முழங்கால் சவ்வு கிழிந்தது. 2022 நவம்பர் 7-ந் தேதி பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது.

பிறகு போட்ட கட்டு அளவுக்கு மீறி இறுகியது. ரத்த ஓட்டம் நின்றது. கவனிக்கத் தாமதமாயிற்று. கால் துண்டிக்கப்பட்டது. 15-ந் தேதி உயிரும் பிரிந்தது! 2 டாக்டர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர்.

6 மணி நேரம்

ரத்தம் பாயாவிட்டால் சுமார் 6 மணி நேரத்தில் தசை செத்துவிடும்.

கம்பம் பள்ளத்தாக்கில் கபடி ஆடும் பிள்ளைகளுக்கும் இதே ஆபத்து உண்டு. கட்டுப் போட்டபின் வலி கூடுகிறதா? விரல்கள் மரத்துக் குளிர்கின்றனவா? நிறம் மாறுகிறதா? விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். வீட்டில் இருந்தால் 108-ஐ அழையுங்கள். தேனி க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

"வலிக்கிறது" என்று பிள்ளை சொன்னால், நம்புங்கள்!