மோல்ற்றா இராசாளி: ஒரு துப்பறிபடமும் அதன் அறச்சிக்கலும்

துப்பறியும் கதை என்றவுடன் கற்றோர் பலர் முகஞ் சுழிப்பர். பொழுது போகாதார் புகைவண்டியிற் படித்தெறியும் நூல் என்பது அவர்தம் துணிபு. பெரும்பாலான துப்பறி நூல்களுக்கு இத்துணிபு பொருந்துவதே. எனினும், அறநூலார் ஆராயத்தகுஞ் சிக்கலொன்றைக் கருவாகக் கொண்டனவும் அவற்றுட் சில உள. 1941ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வோணர் சகோதரர் நிறுவனத்தார் வெளியிட்ட ‘மோல்ற்றா இராசாளி’ என்னுந் திரைப்படம் அத்தகையது.

மூலநாவலை இயற்றியவர் டாஷியல் ஹமெற். 1915இல் பிங்கேற்றன் என்னுந் துப்பறியும் நிறுவனத்திற் சேர்ந்து சில ஆண்டுகள் ஊழியஞ் செய்தவர் இவர். ஆதலின் இவர் படைத்த துப்பறிவாளன், சாய்வுநாற்காலியில் அமர்ந்தவாறே புகையிலைச் சாம்பலை ஆராய்ந்து குற்றவாளியைச் சுட்டும் மேதாவியல்லன். கூலிக்கு உழைக்குந் தொழிலாளி. 1930இல் நூலுருப் பெற்ற அந்நாவல் 1931இலும் 1936இலும் படமாக்கப்பெற்றது. பிந்தியது கதையை நகைச்சுவையாக்கிக் கெடுத்தது. மூன்றாம் முறை அதனை எடுத்தாண்டவர் ஜோன் ஹூஸ்ரன். அதுகாறும் திரைக்கதை எழுதிவந்த அவர் இயக்கிய முதற்படம் இதுவே. நாவலின் உரையாடல்களைப் பெரிதும் உள்ளவாறே அமைத்துக்கொண்டமை அவர் செய்த நன்மைகளுள் தலையாயது.

சான் பிரான்சிஸ்கோ நகரில் சாம் ஸ்பேட், மைல்ஸ் ஆர்ச்சர் என்னும் இருவர் கூட்டாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகின்றனர். ஒருத்தி வந்து, தன் தங்கையைக் கவர்ந்து சென்ற தேஸ்பி என்பானைப் பின்தொடருமாறு வேண்டுகின்றாள். அன்றிரவே ஆர்ச்சர் சுட்டுக் கொல்லப்படுகின்றான். சிறிது பொழுதில் தேஸ்பியும் மாய்கின்றான். வந்தவளுக்குத் தங்கையும் இல்லை. அவள் கூறிய பெயரும் அவளதன்று. முதலில் வண்டர்லி, பின்னர் லெபிளாங்க், முடிவிற் பிறிஜிட் ஓஷோனசி என மூன்று பெயர்கள் வெளிப்படுகின்றன. அவளும், கட்மன் என்னும் பருத்த கனவானும், அவனைச் சார்ந்தோரும் தேடித் திரிவது மணிகள் இழைத்த பொன் இராசாளி ஒன்றை. மோல்ற்றாத் தீவை 1530இற் புனித யோவான் வீரர்க்கு அளித்த ஐந்தாம் சாள்ஸ் மன்னன், ஆண்டுதோறும் இராசாளிப் பறவையொன்றைத் திறையாகப் பெற விதித்தமை வரலாறு. பொற்பறவையோ கற்பனை.

ஆர்ச்சரைக் கொன்றவர் யார் என்பதே உயிர்நிலையான வினா. இதற்குரிய சான்று படத்தின் தொடக்கத்திலேயே காண்போர் கண்முன் வைக்கப்படுகின்றது. ஆர்ச்சரின் துப்பாக்கி இடுப்பில் வைத்தவாறே இருந்தது. மேற்சட்டையின் பொத்தான்களும் பூட்டியபடியே இருந்தன. இதனைக் காவலர் கூறுகின்றனர், கேட்போர் மறந்துவிடுகின்றனர். ஸ்பேட் மறந்தானல்லன். ஆண்டுபல தொழில் பயின்ற துப்பறிவாளன், தான் பின்தொடரும் ஒருவனோடு இருண்ட சந்தினுள் கைசோர்ந்து புகான். தனக்கு அறிமுகமான, தான் விரும்பிய ஒருத்தி அழைத்தால் மட்டும் அவ்வாறு புகுவான். தேஸ்பியின் துப்பாக்கியாற் சுட்டுப் பழியை அவன்மீது சுமத்துவதே அவள் சூழ்ச்சி. இம்முடிவை ஸ்பேட் நெடுநேரம் தன்னுள் அடக்கி வைத்துக்கொண்டே அவளோடு பழகினான் என்பதை இறுதியில் அறியும்போதுதான், முன்னர்க் கண்ட காதற்காட்சிகள் யாவும் வேறு பொருள் கொள்கின்றன.

அவன் அவளைக் காவலரிடம் ஒப்படைக்கின்றான். ஏன்? ஆர்ச்சர்மேற் கொண்ட அன்பினாலன்று. அவனை ஸ்பேட் மதித்ததில்லை, அவன் மனைவியோடு தகாத தொடர்பும் கொண்டிருந்தான். கொலை பாவம் என்னும் உபதேசமும் அவன் வாயிற் பிறப்பதில்லை. கூட்டாளி கொல்லப்பட்டால், அவன் எத்தகையனாயினும், ஏதேனுஞ் செய்தல் கடன். கொலையாளியைத் தப்பவிடுதல் துப்பறியுந் தொழிலுக்கே கேடு. அவளை நம்பவும் இயலாது. இவ்வாறு காரணங்களை வணிகன் கணக்கெழுதுவதுபோல ஒவ்வொன்றாக அடுக்குகின்றான். மறுபக்கத்தில் இருப்பது ஒன்றே: இருவருந் தம்முட் காதல் கொண்டிருத்தல் கூடும் என்பது. போகாட் இக்காட்சியில் நடித்த நடிப்பு, அக்கணக்கு அவனுக்கு எத்துணை வேதனை தருகின்றது என்பதைக் குரலின் நடுக்கத்தாலேயே புலப்படுத்துகின்றது. குணக்குன்றல்லாத ஒருவன், தன் விருப்பத்துக்கு மாறாக, ஒரேயொரு கடமையை மட்டும் விடாது பற்றி நிற்றல் நல்லோன் நன்மை செய்வதினும் ஆராய்ச்சிக்குரியது.

1946இற் பிரெஞ்சு விமர்சகர் நினோ பிராங்க், போர்க்காலத்து அமெரிக்கப் படங்கள் சிலவற்றைக் ‘கரும்படம்’ என்னும் பொருள்படும் தொடராற் குறித்தார்; அவர் கருதியவற்றுள் இதுவும் ஒன்று. அவ்வகைப் படங்களில் அழகியொருத்தியால் ஆடவன் அழிதல் வழக்கம். 1944இல் வெளிவந்த ‘டபிள் இண்டெம்னிற்றி’ இதற்குத் தக்க சான்று. ஈண்டோ அவன் வீழ்ந்திலன். மேரி அஸ்ரர் நடித்த பிறிஜிட்டும் வெறும் மாயக்காரியல்லள்; பொய்யும் மெய்யும் அவளுக்கே பிரித்தறிய முடியாதவாறு கலந்துவிட்டன போலும்.

குறையும் ஒன்று உண்டு. உத்தரமொன்று அருகில் விழக்கண்டு, குடும்பத்தைத் துறந்தோடி, வேற்றூரில் முன்போன்ற வாழ்வையே மீண்டும் அமைத்துக்கொண்ட பிளிற்கிறாவ்ற் என்பவனின் கதையை நாவலிற் ஸ்பேட் அவளுக்குச் சொல்கின்றான். படம் அதனை விட்டுவிட்டது. நூலைப் பயின்றார்க்கு இஃது இழப்பே.

பதினேழு ஆண்டுகள் கட்மன் தேடிய இராசாளி, கத்தியாற் சுரண்டியபோது ஈயமாகின்றது. அவன் சிறிது திகைத்து, மீண்டும் தேடப் புறப்படுகின்றான். 1931ஆம் ஆண்டுப் படத்தின் இறுதியில் ஸ்பேட் சிறைக்குச் சென்று அவளைக் காண்கின்றான். ஹூஸ்ரன் அவ்வாறு செய்யவில்லை. மின்தூக்கியின் கம்பிக்கதவு அவள் முகத்தின்முன் மூடி, அவள் கீழிறங்குகின்றாள். ஸ்பேட் அந்த ஈயப்பறவையைக் கையில் ஏந்திப் படிக்கட்டு வழியே இறங்குகின்றான்.